எட்டு வருஷமா கூடலே

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ‘கிளாரன்ஸ் லேடீஸ் டெய்லர்’ கடையைத் தெரியாத பெண்பிள்ளை கிடையாது. அந்தக் கிளாரன்ஸுக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது என்பதும் அவர்கள் எல்லோருக்கும் தெரியும். தைப்பது அவர் பெண்சாதி ரோசலின். மெஷின் அவள் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்தது. பெரிய கத்தரிக்கோல், அவள் பிறந்த ஊரான மாரிகுப்பத்தில் பக்கத்து வீட்டில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறும்போது அவள் அப்பாவிடம் விட்டுப் போனது. கடைக்குக் கிளாரன்ஸ் கொண்டுவந்தது போர்டு ஒன்றுதான். பச்சைத் தகரத்தில் மஞ்சள் எழுத்து. தன் பேரை ஒரு முழ உயரத்துக்கு எழுதி, ‘லேடீஸ் டெய்லர்’ என்பதை இடம் போதாமல் அதன் காலடியில் பொடியாக நெருக்கி வைத்தார். அதோடு அவர் வேலை முடிந்தது.

பிறகு அவர் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருந்தார். கல்யாண பாண்டு செட்டில் பெரிய டிரம் அடிக்கக் கூப்பிட்டால் மட்டும் எழுந்து போவார்.

ஒருநாள் அத்திபெலேயில் இருக்கும் அவர் அக்காள் டெய்சி வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாள் என்று போன் வந்தது. “ரெண்டு நாள்ல வந்துடறேன் ரோசு” என்று கிளம்பினார். போகும்போது தலையணையையும் எடுத்துக்கொண்டு போனார். அப்போதே அவள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அது டிசம்பர் மாதம், கிறிஸ்மஸ் தையல் கழுத்து வரைக்கும் இருந்தது. புருஷன் வீட்டில் இல்லை என்பதே அவளுக்குப் பொங்கல் கழிந்துதான் உறைத்தது. டெய்சியின் கால் கூடிவிட்டது. கிளாரன்ஸ் திரும்பி வரவில்லை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. அக்காள் வீட்டு முன்னறையில் முட்டையும் சோடாவும் விற்றுக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். இங்கே வாசலில் உட்கார்ந்திருந்த மனிதர் அங்கே வாசலில் உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

எட்டு வருஷம் ஓடிப்போனது. ரோசலினுக்கு ஐம்பத்தேழு வயது. அவள் அதைப் பற்றி யாரிடமும் மூக்கைச் சிந்தவில்லை. அவளை உறுத்தியது ஒன்றே ஒன்றுதான்: அந்தப் போர்டு. அவள் தைத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு போகிறவளை யாராவது “எங்க தைச்சே?” என்று கேட்டால், “கிளாரன்ஸ் கிட்ட” என்று பதில் வரும். கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் கிளாரன்ஸ் வந்து, கேக்கைத் தின்றுவிட்டு, போர்டுக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார்.

ஒருதரம் துணிந்து போர்டைக் கழற்றிப் பெயிண்டரிடம் கொடுத்தாள். அன்றைக்கு மத்தியானமே சர்ச்சுப் பெண்கள் ஏழு பேர் பன்னும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு வந்து, அவள் கையைப் பிடித்து அழுதார்கள். “எப்ப எடுக்கறாங்க ரோசலின்? பாடி அத்திபெலேயிலயா, இங்க கொண்டு வராங்களா?” என்று கேட்டார்கள். அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொன்னதும் ஒருத்திக்குக் கோபமே வந்துவிட்டது. “புருஷன் உசுரோட இருக்கும்போது பேரை எடுப்பாங்களா? என்ன பொம்பளம்மா நீ!” சாயங்காலம் போர்டு பழையபடி மேலே ஏறியது.

ஆக, போர்டு மாற வேண்டுமானால் ஒன்று கிளாரன்ஸ் சாக வேண்டும், இல்லையென்றால் கோர்ட் சொல்ல வேண்டும்.

“அவர் சாகற மாதிரித் தெரியலே. தினம் ரெண்டு ஆம்லெட் சாப்பிடறாராம்” என்று மகள் ஆஷாவிடம் சொன்னாள் ரோசலின்.

ஆஷா காக்ஸ் டவுனில் குடித்தனம், கம்பெனி வேலை. விஷயத்தைக் கேட்டுச் சிரித்து முடித்த பிறகு, “மம்மி, டைவர்ஸ்னா விளையாட்டு இல்ல. நல்ல லாயரா வை. உனக்கு ஒண்ணும் தெரியாது” என்றாள்.

“தைச்சவதான் பிரிக்கணும். அடுத்தவ கையில குடுத்தா துணியே கிழிஞ்சுபோவும்.”

“இது ரவிக்கையா மம்மி?”

“எல்லாம் தையல்தாண்டி.”

அவள் தொழிலில் அது கண்டிப்பான வழக்கம். வேறு டெய்லர் தைத்ததைப் பிரித்துத் தைக்கச் சொல்லி யார் கொண்டுவந்தாலும் ரோசலின் தொடமாட்டாள். எங்கே முடிச்சு, எங்கே இரட்டைத் தையல் என்று போட்டவளுக்குத்தானே தெரியும். ஆனாலும் மகள் மனசு கோணக்கூடாது என்று வக்கீல் லாயிடைப் போய்ப் பார்த்தாள்.

லாயிட் அந்நியன் இல்லை. ரோசலினின் சித்தப்பா சூசைராஜ் ஆண்டர்சன்பேட்டையில் இரண்டாம் தாரம் கட்டினாரே, அந்தச் சின்னம்மாவின் அக்காள் பேரன். அதுதான் பயமே. லாயிடின் அம்மா சர்ச்சில் பாடுகிறவள். அவள் காதில் விழுந்தது பாட்டு முடிவதற்குள் கடைசி பெஞ்சு வரைக்கும் போய்விடும்.

லாயிட் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டான். “சொல்லுங்க ஆன்ட்டி. அங்கிள் அடிப்பாரா?”

“கொசுவைக்கூட அடிக்கமாட்டார். கையைத் தூக்கணுமே.”

“குடி?”

“கிறிஸ்மஸுக்கு ஒயின். அதுவும் நான் போட்டது.”

“வேற பொம்பள சகவாசம்?”

“அதுக்கெல்லாம் சுறுசுறுப்பு வேணும்டா.”

லாயிட் பேனாவை மூடினான். பிறகு மறுபடி திறந்தான். “பரவால்ல ஆன்ட்டி. கொடுமை பண்ணாரு, தவிக்க விட்டுட்டுப் போயிட்டாருன்னு எழுதிடலாம். எல்லாரும் எழுதறதுதான்.”

ரோசலின் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அளவு எடுக்காமலே துணியை வெட்டுகிற டெய்லரை அவள் அப்படித்தான் பார்ப்பாள். “இல்லாததை எழுதாதே. அந்த மனுஷன் என் சமையலைச் சாப்பிட்ட ஒவ்வொரு வேளையும் நல்லாருக்குன்னு சொல்லிட்டுத்தான் எழுந்தார். சாப்பிட்ட தட்டை எடுக்கமாட்டார், அது வேற. அதுக்குக் கொடுமைன்னு பேர் வெச்சா நிஜமா அடி வாங்கறவ எங்கடா போவா?”

லாயிட் வாலிப வயசு, ஆனால் நியாயமானவன். தலையைச் சொறிந்துகொண்டு உண்மையைச் சொன்னான். “அப்போ ரெண்டு பேரும் சம்மதிச்சு மனு போடுங்க. குடும்பக் கோர்ட்ல வக்கீல் இருந்தே ஆகணும்னு இல்ல. நீங்களே போகலாம். ஆனா பேப்பர் நேரா இருக்கணும் ஆன்ட்டி. ஒரு வார்த்தை கோணினாலும் திருப்பிடுவாங்க.”

நீங்களே போகலாம் என்பது மட்டும்தான் ரோசலின் காதில் விழுந்தது.

அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் சோல்டர், வெய்ஸ்ட், ஸ்லீவ் அவ்வளவுதான். தமிழில் எழுதினால் கோர்ட் படிக்காது. மிச்சம் கன்னடம். மாரிகுப்பத்தில் ஏழாம் வகுப்பு வரைக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கன்னட எழுத்தைப் பஸ் போர்டு பார்த்தே கற்றுக்கொண்டாள். எழுத்து கன்னடமாக வரும், அடியில் ஓடுகிற நினைப்பு தமிழாகவே இருக்கும். மேல்துணி ஒன்று, லைனிங் ஒன்று. ஒரு வாரம் உட்கார்ந்து, பேர், ஊர், சர்ச்சில் கல்யாணம் நடந்த தேதி எல்லாம் எழுதினாள். கடைசியில் முக்கியமான வரி. எட்டு வருஷமாக நாங்கள் சேர்ந்து இருக்கவில்லை என்று சொல்ல வேண்டும். ‘எண்டு வர்ஷ கூடலே’ என்று எழுதி, ஒரு புள்ளி வைத்தாள். சுருக்கமாக, லட்சணமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு அத்திபெலேக்குப் பஸ் ஏறினாள். கிளாரன்ஸ் முட்டை அட்டைகளுக்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வயிறு கொஞ்சம் முன்னுக்கு வந்திருந்தது. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“வா ரோசு! என்ன கையில, கல்யாணப் பத்திரிகையா?”

“அதுக்கு எதிர்ப் பத்திரிகை. கையெழுத்துப் போடுங்க.”

அவர் கண்ணாடியைத் தேடி மாட்டி, தாளைத் தலைகீழாகப் பிடித்து, பிறகு நேராகப் பிடித்தார். “டைவர்ஸா? நமக்குள்ள சண்டையே இல்லியே!”

“சண்டை போடவும் ஆள் வேணுமில்ல? எனக்கு என் போர்டுல என் பேர் வேணும். அவ்ளோதான்.”

“எழுதிக்கயேன். அதுக்கு எதுக்குக் கோர்ட்டு?”

“எழுதப் போனேன். உங்களைச் சாகடிச்சுப் பன்னு வாங்கிட்டு வந்துட்டாங்க.”

உள்ளேயிருந்து டெய்சி, “அப்ப அவனை நிரந்தரமா என் தலையில கட்டறியா ரோசலின்?” என்று குரல் கொடுத்தாள்.

“எட்டு வருஷமா உங்க தலையிலதானே இருக்கார் அண்ணி? இனிமே ரசீதோட இருக்கட்டும்.”

கிளாரன்ஸ் குரலைத் தாழ்த்தினார். “அதில்ல ரோசு. இங்க எனக்கு ஒரு மரியாதை இருக்குது. பெங்களூர்ல டெய்லர் கடை வெச்சிருக்கார், ஆளுங்க தைக்கறாங்க, இவர் மேல்பார்வைன்னு ஊரே சொல்லுது. போட்டோ கூட மாட்டியிருக்கேன் பார்.”

பார்த்தாள். சோடா பாட்டில்களுக்கு மேலே, போர்டுக்குக் கீழே நின்று அவர் சிரிக்கும் போட்டோ.

“அந்த ஆளுங்க நான்தானா?”

“ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானே.”

ரோசலினுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஊசி குத்தினால் விரலை வாயில் வைத்துக்கொண்டு அடுத்த தையலுக்குப் போகிறவள் அவள். பேனாவை எடுத்து நீட்டினாள். கிளாரன்ஸ் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, “சரி, கையெழுத்துப் போடறேன். ஆனா அந்தப் போர்டை எனக்குக் குடுத்துடணும். அது நான் எழுதினது” என்றார்.

“எடுத்துக்கங்க.”

அவ்வளவு சட்டென்று அவள் ஒத்துக்கொண்டதில் அவருக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. ஆனாலும் போட்டுவிட்டார்.

கிளம்பும்போது அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். பேச விட்டால் மாரிகுப்பத்து பாண்டு செட்டில் ஆரம்பித்து ஆம்லெட்டில் வந்து நிற்கிற மனிதர். கோர்ட்டில் வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும். “ஜட்ஜ் என்ன கேட்டாலும் ஒரே வார்த்தை. கூடலே. எட்டு வருஷமா கூடலே. வேற ஒண்ணும் பேசக்கூடாது. சொல்லுங்க பார்ப்போம்.”

“கூடலே. எட்டு வருஷமா கூடலே.”

“நல்லாருக்கு” என்றாள். அவர் பாணியிலேயே.

கோர்ட்டில் மனு வாங்கும் இடத்தில் ஒரு கன்னட அம்மாள் உட்கார்ந்திருந்தாள். தாளைப் புரட்டிக்கொண்டே வந்தவள் கடைசி வரியில் நின்றுவிட்டாள்.

“ஏனம்மா இது? எண்டு வர்ஷ கூடலே?”

“ஹௌது மேடம். கூடலே. அவரு அல்லி, நானு இல்லி.” அவர் அங்கே, நான் இங்கே என்று கையைக் காட்டினாள்.

அந்த அம்மாள் பக்கத்து மேஜைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவளும் படித்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கன்னடத்தில் கூடலே என்றால் ‘உடனே’, ‘இந்த நிமிஷமே’ என்று அர்த்தம். எட்டு வருஷம் உடனே என்று எழுதி வைத்திருக்கிறாள் ரோசலின். இத்தனை வருஷம் பஸ்ஸில், மார்க்கெட்டில் அந்தச் சொல்லை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். எழுதும்போது லைனிங் மேலே வந்துவிட்டது.

“ஒட்டிகே இல்லான்னு பரீரி அம்மா” என்று, சேர்ந்து இல்லை என எழுதச் சொல்லி, அந்த அம்மாள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தாளைத் திருப்பிக் கொடுத்தாள். அதோடு இன்னொன்றும் சொன்னாள்: மனு கொடுத்த பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அது வேண்டாம் என்றால் காரணம் காட்டித் தனியாக ஒரு மனு போட வேண்டும். அதைக் கன்னடத்திலோ இங்கிலீஷிலோ ஒழுங்காக எழுதிக் கொண்டுவர வேண்டும்.

பஸ்ஸில் திரும்பும்போது ரோசலினுக்கு முதல் தடவையாகப் பயம் பிடித்தது. ஒரு வார்த்தையில் இப்படிச் சறுக்கினால், ஜட்ஜ் முன்னால் என்ன ஆகும்? மனுவைத் தள்ளிவிட்டால்? அந்த மஞ்சள் எழுத்துக்குக் கீழேயே உட்கார்ந்து தைத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். செத்த பிறகு கல்லறையிலும் ‘கிளாரன்ஸ் டெய்லர் சம்சாரம்’ என்றுதான் எழுதுவார்கள்.

ஆஷா விடுவாளா? “சொன்னேன்ல மம்மி? மொத்தத்தையும் லாயிட் கையில குடுத்துடு.”

ரோசலின் கடையில் உட்கார்ந்து யோசித்தாள். மேஜைமேல் ஒரு சட்டை கிடந்தது. எல்லாம் தைத்தாகிவிட்டது, காஜா மட்டும் பாக்கி. பொத்தான் நுழைகிற ஓட்டைக்கு விளிம்பு கட்டுகிற அந்த வேலைக்கு மட்டும் தனி மெஷின் வேண்டும். அதை அவள் எப்போதும் தெருமுனைக் கடைக்குத்தான் அனுப்புவாள். காஜா வெளியே போட்டதால் சட்டையை வேறு யாரோ தைத்தார்கள் என்று ஆகிவிடுமா?

மறுநாள் லாயிட் முன்னால் போய் நின்றாள். “முழுச் சட்டையும் குடுக்கமாட்டேன். காஜா மட்டும் போட்டுக் குடு.”

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்துவிட்டான். ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கும் மனுவை இங்கிலீஷில் டைப் அடித்துக் கொடுத்தான். அவள் கன்னடத் தாளையும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, “மத்ததெல்லாம் நேராத்தான் இருக்கு ஆன்ட்டி” என்றான்.

“உங்கம்மா கிட்ட?”

“சத்தியமா சொல்லமாட்டேன். சொன்னா அடுத்த ஞாயிறு பாட்டே நடக்காது.”

ரோசலின் ‘கூடலே’யை அடித்து, மேலே ‘ஒட்டிகே இல்லா’ என்று எழுதினாள். ஒரு தப்புத் தையலைப் பிரித்தாயிற்று. ஆனால் அதே தையலை அத்திபெலேயில் ஒருவர் மனசில் இரட்டையாகப் போட்டுவிட்டு வந்ததை அவள் அடியோடு மறந்துபோனாள்.

கோர்ட் சொன்ன நாளில் கிளாரன்ஸ் வந்தார். பாண்டு செட்டின் சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவரிடம் இருந்த நல்ல கோட்டு அது ஒன்றுதான். வராந்தாவில் போண்டா தின்றுகொண்டே லாயிட் அடித்த மனுவில் எங்கே கையெழுத்து என்று மட்டும் கேட்டுப் போட்டார். திருத்தின இடத்தில் கையெழுத்துக் கேட்டபோதும் என்ன திருத்தம் என்று கேட்கவில்லை. முதலில் சமாதானம் பேசுகிற அறைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் அரை மணி நேரம் பேசிப் பார்த்துவிட்டு, இவர்களுக்குள் தீர்த்துவைக்கச் சண்டையே இல்லையே என்று குழம்பிப்போய், அப்படியே எழுதி அனுப்பிவிட்டார்.

ஜட்ஜ் ஒரு பெண்மணி. ஐம்பது வயது இருக்கும், மூக்குக் கண்ணாடி. தாள்களை மெதுவாகப் படித்தார். அடித்து எழுதியிருந்த இடத்தில் அவர் விரல் கொஞ்சம் நின்றது போல ரோசலினுக்குத் தோன்றியது. அவளைக் கேட்டதற்கெல்லாம் அவள் தெரிந்த கன்னடத்தில் பதில் சொன்னாள். பிறகு ஜட்ஜ் சிவப்புக் கோட்டைப் பார்த்தார்.

“நிமகே ஒப்பிகே இதெயா?” சம்மதம்தானா என்று கேட்டார்.

கிளாரன்ஸ் நெஞ்சை நிமிர்த்தினார். “கூடலே மேடம்!”

ரோசலின் அவர் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தாள். நன்றாகச் சொல்கிறீர்கள் என்று தட்டிக்கொடுக்கிறாள் போல என்று அவர் நினைத்துக்கொண்டார்.

“யாராதரூ பலவந்த மாடிதாரா?” யாராவது கட்டாயப்படுத்தினார்களா?

“கூடலே! எட்டு வருஷமா கூடலே!”

பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மனு வாங்கின கன்னட அம்மாள் முகத்தைக் கோப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க நேரம் பிடித்தது. பிறகு லாயிட் டைப் அடித்த மனுவை எடுத்து வைத்துக்கொண்டு, ரோசலினிடம் கேட்டார். “ஆறு திங்களு காயக்கே ஆகல்வா? கூடலே பேகா?” ஆறு மாதம் காத்திருக்க முடியாதா, உடனே வேண்டுமா?

ரோசலின் வாயைத் திறப்பதற்குள் கிளாரன்ஸ், “கூடலே மேடம், கூடலே!” என்று டிரம் அடிக்கிற மாதிரி இரண்டு தட்டுத் தட்டினார்.

“இவருக்கே இவ்வளவு அவசரம்னா நான் எதுக்கு ஆறு மாசம் நிறுத்தி வைக்கணும்?” என்று ஜட்ஜ் கன்னடத்தில் சொல்லிவிட்டு, எட்டு வருஷம் தனித்தனியாக இருந்துவிட்டார்கள், பிரித்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை என்று காரணங்களை எழுதச் சொல்லி, காத்திருப்பைத் தள்ளுபடி செய்தார். எழுந்து போகும்போது ரோசலினைப் பார்த்து ஒரு சிரிப்பு. அந்த ஜட்ஜம்மாவுக்குச் சொந்த ஊர் பங்காருபேட்டை என்று பின்னால் தெரியவந்தது. மாரிகுப்பத்திலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற ஊர். அங்கே தமிழ் தெரியாமல் வளர்ந்தவர் யாரும் இல்லை. கூடலே இரண்டு பாஷையிலும் அன்றைக்கு உண்மைதான்.

வராந்தாவில் கிளாரன்ஸ் பெருமையோடு, “எப்படி? ஒரு வார்த்தை அதிகமாப் பேசலே பார்த்தியா?” என்றார்.

“நல்லாருக்கு” என்றாள் ரோசலின். இந்தத் தடவை நிஜமாகவே சொன்னாள்.

சொன்ன வாக்குப்படி போர்டைத் துடைத்து, பழைய புடவையில் சுற்றி அவரிடம் கொடுத்தனுப்பினாள். அத்திபெலேயில் அவர் அதை முட்டைக் கடைக்கு மேலே மாட்டிவிட்டார். ஊரார் மரியாதை பெரிதாகத்தான் வந்தது. மூன்றாம் நாளே கையில் துணியோடு வந்தது. பத்தாம் நாள் ரோசலினுக்குப் போன்.

“ரோசு, இங்க பதினாலு ரவிக்கை குடுத்திருக்காங்க. அதுல ஒருத்தி கல்யாணப் பொண்ணு. பின்கழுத்து இறக்கம் ஏழுன்னா என்ன, ஏழு என்ன?”

“துணி வாங்கிட்டீங்க இல்ல?”

“மரியாதைக்கு வாங்கி வெச்சேன்.”

“அப்போ மரியாதையா தைச்சுக் குடுங்க. எப்ப வேணுமாம்?”

ஈனஸ்வரத்தில் பதில் வந்தது. “கூடலே வேணுமாம்.”

ரோசலின் போனை வைத்துவிட்டுச் சிரித்தாள். மெஷின் மேல் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். லிங்கராஜபுரத்தில் அன்றைக்குத்தான் புதுப் போர்டு ஏறியிருந்தது. வெள்ளையில் நீல எழுத்து, ‘ரோசலின் லேடீஸ் டெய்லர்’, எல்லா எழுத்தும் ஒரே உயரம்.

சாயங்காலம் சர்ச்சுப் பெண்கள் பன்னும் வாழைப்பழமுமாக வந்து நின்றார்கள். லாயிடின் அம்மா முன்னால் வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சத்தியத்தைக் காப்பாற்றியிருக்கிறான் பையன்.

“கிளாரன்ஸ் எப்ப போனார் ரோசலின்? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலியே?”

ரோசலின் பன்னை வாங்கி மேஜைமேல் வைத்தாள். வாழைப்பழத்தையும் வாங்கிக்கொண்டாள்.

“அவர் எங்கயும் போகலே அக்கா. அத்திபெலேயில டெய்லரா இருக்கார். கையில பதினாலு ரவிக்கை.”